சுமைதாங்கிக் கல்லில் சிவப்புக் குறி: சாலை அகலமாகும்போது ஊர் என்ன செய்யலாம்?

கடிதத்தின் சுருக்கம்

தென் மாவட்டம் ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கும் வாசகி எழுதியிருக்கிறார். ஊருக்கு மேற்கே மாநில நெடுஞ்சாலையோரம் புளியமரத்தடியில் ஒரு சுமைதாங்கிக் கல் நிற்கிறது. நட்டுவைத்த இரண்டு கல், அவற்றின் மேல் படுக்கவைத்த ஒரு பலகைக் கல். வாசகியின் கொள்ளுப்பாட்டியுடைய அக்காள் நிறைமாதக் கர்ப்பிணியாக இறந்தபோது குடும்பத்தார் நட்டது என்று வீட்டில் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். சாலையைப் பார்த்த முகத்தில் நான்கு வரி எழுத்து இருக்கிறது. அதில் ‘சார்வரி ௵ தை ௴’ (சார்வரி வருடம், தை மாதம்) என்பதும் ‘உபயம்’ என்பதும் மட்டும் இப்போது தெரிகின்றன. மற்ற வரிகளை ஊர் இளைஞர்கள் ஆசையாகப் பூசிய நீலப் பெயிண்ட் மறைத்திருக்கிறது. சற்றுத் தள்ளி வெள்ளைக்காரர் காலத்து மைல்கல் ஒன்றும் பாதி புதைந்து நிற்கிறது.

இப்போது அந்தச் சாலை நான்குவழிச் சாலையாகிறது. அளவெடுக்க வந்தவர்கள் மரத்திலும் இரண்டு கற்களிலும் சிவப்புக் குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர், “ஓரமாக எடுத்து வைத்துவிடுவோம்” என்று வாய்வார்த்தையாகச் சொன்னாராம்.

ஊரில் ஆளுக்கொரு யோசனை. வாசகியின் தம்பி, “நம் குடும்பத்துக் கல்தானே, டிராக்டரில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விடலாம்” என்கிறார். இளைஞர்கள் பீடம் கட்டி, சூலம் நட்டு, தகரக் கொட்டகை போட்டுக் கோயிலாக்கிவிட்டால் யாரும் தொட மாட்டார்கள் என்கிறார்கள். பொக்லைன் வரும் நாளில் குறுக்கே உட்கார வேண்டும் என்கிறது இன்னொரு தரப்பு. நூறு வருடம் கடந்த பொருளை அரசு தொடவே முடியாது, நீதிமன்றத்தில் உடனே தடை வாங்கலாம் என்கிறார் விவரம் தெரிந்த ஒருவர். இதற்கிடையில் மலை ஊர் ஒன்றில் தங்கும் விடுதி நடத்துபவர் நாற்பதாயிரம் ரூபாய்க்குக் கல்லைக் கேட்டிருக்கிறார். “மகளிர் குழுவில் நாங்கள் சிலர் இதைக் காப்பாற்ற நினைக்கிறோம். எங்களுக்கு உரிமை இருக்கிறதா? எதைச் செய்தால் கல் நிற்கும்?” இதுதான் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

கல் நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சாலை வரக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. சட்டப்படி பார்த்தால் உங்கள் பெரிய பலம் அதுதான். ஊருக்கு நல்ல சாலை வேண்டும், அதன் ஓரத்தில் இந்தக் கல்லும் வேண்டும் என்று வருகிறவர்களை எந்த அதிகாரியும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. இந்த நிலையை விட்டு இறங்காதீர்கள்.

பஸ்ஸும் லாரியும் இல்லாத காலத்தில் உப்பு, கருப்பட்டி, மீன் கூடை, விறகு என்று எல்லாமே தலைச்சுமையாகத்தான் ஊர் விட்டு ஊர் போயின. சும்மாட்டின் மேல் ஏற்றிய சுமையைத் தனியாளாக இறக்க முடியாது. தரையில் இறக்கிவிட்டால் மறுபடி தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். நின்றபடியே சுமையைச் சரித்து வைக்கவும், தண்ணீர் குடித்து இளைப்பாறியபின் தானே தலைக்கு மாற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் இந்தக் கல்லை வைத்தார்கள். கேரளத்தில் இதையே அத்தாணி என்பார்கள். அந்தப் பெயரில் அங்கே ஊர்களே இருக்கின்றன. நம் ராணிப்பேட்டை மாவட்டத்திலும் சுமைதாங்கி என்றே ஓர் ஊர் உண்டு. வயிற்றுச் சுமையை இறக்காமலே இறந்துபோன பெண்ணுக்காக, வழியில் போகிற யார் யாரோ சுமை இறக்கிக்கொள்ளட்டும் என்று நட்ட கல் உங்களுடையது. அரசர் பெயரோ போர் வெற்றியோ இல்லாத ஒரு சாதாரணப் பெண்ணின் நினைவு வெட்டவெளியில் இத்தனை காலம் நின்றிருக்கிறது என்பதே அதைக் காப்பாற்றப் போதுமான காரணம் என்று நான் கருதுகிறேன். ஆனால் காப்பாற்றும் வழியைப் பற்றி ஊரில் பேசப்படுவதில் பாதிக்கு மேல் தவறு. முதலில் அவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

நூறு வயது ஆனால் தானாகப் பாதுகாப்பு வந்துவிடுமா?

வராது. தொன்மைச் சின்னங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், குறைந்தது நூறு ஆண்டுகளாக இருந்துவரும், வரலாற்று அல்லது தொல்லியல் அல்லது கலை முக்கியத்துவம் உள்ள கட்டுமானம், கல்வெட்டு, ஒற்றைக்கல் போன்றவற்றைத் தொன்மைச் சின்னம் என்று வரையறுக்கிறது. ஊரில் எல்லோரும் சொல்லும் நூறு வருடக் கணக்கு இங்கிருந்து வந்ததுதான். ஆனால் அந்த வரையறைக்குள் வருவதால் மட்டும் கல் பாதுகாக்கப்பட்ட சின்னமாகிவிடாது. அரசு இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுத்து, ஆட்சேபணைகளைக் கேட்டு, அரசிதழில் அறிவிக்கை வெளியிட்ட பிறகே பாதுகாப்பு தொடங்கும். தமிழ்நாட்டுக்கென்று 1966ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. அதன் கீழும் அறிவிக்கை வேண்டும். உங்கள் கல்லுக்கு அப்படி எதுவும் வந்ததாகக் கடிதத்தில் இல்லை.

அறிவிக்கை கேட்டுப் போராடலாமே என்று தோன்றும். கேட்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும். 2010ஆம் ஆண்டுத் திருத்தம் இதை மிகக் கடுமையாக்கியது. புளியமரத்தை அடுத்து நாற்பது வீடுகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மாடி எடுக்க நினைக்கும் ஒவ்வொருவரும் அனுமதிக்கு அலைய நேர்ந்தால், இன்று கல்லுக்காகப் பேசுகிறவர்களே நாளை அதன் மேல் கோபப்படுவார்கள். பெரிய கோயிலுக்கும் கோட்டைக்கும் தேவையான அந்தக் கவசம் மூன்று கற்களுக்குத் தேவையில்லை. உங்களுக்கு வேண்டியது இடம் மாற்றி நடுவதற்கான ஓர் உத்தரவு, அவ்வளவுதான்.

வயதைப் பற்றியும் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘சார்வரி’ அறுபது ஆண்டுச் சுழற்சியில் வருவது. 1840-41, 1900-01, 1960-61 ஆகிய மூன்றுமே சார்வரிதான். தை மாதம் என்பதால் 1841, 1901, 1961 ஆகியவற்றில் ஒன்றின் தொடக்கம். 1961 என்று எதிர்த்தரப்பு வாதிட்டால் நூறு ஆண்டு என்ற பேச்சே அடிபட்டுப்போகும். ஆனால் இதற்கான பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. உங்கள் தாயாருக்கு எண்பது வயது என்கிறீர்கள். இறந்துபோன பெண் அவருடைய பாட்டிக்கு அக்காள். 1961இல் உங்கள் தாயாருக்குப் பதினைந்து வயதளவில் இருந்திருக்கும். கல் நட்டதைக் கண்ணால் பார்த்திருப்பார். தவிர, பாட்டியின் அக்காள் அப்போது கர்ப்பிணியாக இருந்திருக்கவும் முடியாது. 1841 என்றால் பாட்டியே பிறந்திருக்க மாட்டார். மிஞ்சுவது 1901. உங்கள் தாயார் இதைத் தன் பாட்டியின் வாயால் கேட்டவர், அதாவது இறந்தவரின் உடன்பிறந்த தங்கையிடமே கேட்டவர். இந்த வாரமே அவர் சொல்வதை எழுதி, அவருக்குப் படித்துக்காட்டி, தேதியுடன் கையெழுத்தோ கைரேகையோ வாங்குங்கள். ஊரார் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். கைபேசியில் அவர் பேசுவதைப் பதிவும் செய்யுங்கள். பெயிண்டுக்கு அடியில் இருக்கும் வரிகளில் ஆங்கில ஆண்டோ, தென் மாவட்டங்களில் வழங்கிய கொல்லம் ஆண்டோ இருந்தால் இன்னும் நல்லது.

குடும்பத்துக் கல்லா, ஊர்க் கல்லா?

உங்கள் தம்பியின் ஆதங்கம் நியாயமானது. ஆனால் அவர் நினைப்பது போலச் செய்தால் வழக்கில் மாட்டிக்கொள்வார். நட்டவர்கள் உங்கள் முன்னோர்தான். அவர்கள் நட்டது பொதுவழியில், பொதுமக்களுக்காக. கல்லிலேயே ‘உபயம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கே அது ஊருக்குரியதாகிவிட்டது. சாலைப் புறம்போக்கு அரசுக்குச் சொந்தம் என்று 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் சொல்கிறது. அந்த நிலத்தில் ஊன்றிய கல்லை இரவோடு இரவாக எடுத்துச் சென்றால் திருட்டுப் புகாருக்கு இடம் கொடுத்ததாகும். கொடுத்த குடும்பம் என்ற பெருமையும், அதனால் வரும் முன்னுரிமைக் குரலும் உங்களுக்கு உண்டு. மனுவில் அதைத் தாராளமாக எழுதுங்கள். உடைமை என்ற சொல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு இருக்கலாம். கல் நிற்கும் இடம் உண்மையில் பட்டா நிலமா, புறம்போக்கா என்பதை அ-பதிவேட்டிலும் (கிராம நிலப் பதிவேடு) புலப்படத்திலும் (நில அளவை வரைபடம்) பார்த்துவிடுங்கள். பட்டா நிலம் என்றால் நெடுஞ்சாலைத் துறை அதைக் கையகப்படுத்த நில உரிமையாளருக்கு அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். அவருடைய ஆட்சேபணையோடு உங்கள் கோரிக்கையையும் சேர்த்து வைக்கலாம்.

விடுதிக்காரரின் நாற்பதாயிரத்தைப் பற்றி நீண்ட விளக்கம் வேண்டாம். பொது இடத்துக் கல்லை விற்க யாருக்கும் உரிமை இல்லை. எழுத்துப் பொறித்த, நூறு ஆண்டு கடந்த கல் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள்ளும் வரும். அத்தகைய பொருளை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். அவரிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவர் கேட்ட தேதியையும் குறித்து வையுங்கள். கல் திடீரென்று காணாமற்போனால் காவல் நிலையத்தில் முதலில் சொல்ல வேண்டிய செய்தி அதுதான்.

கோயிலாக்கினால் தொட மாட்டார்களா?

இந்த யோசனையைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் இதுவே கல்லுக்குப் பெரிய ஆபத்தாக முடியும். பொதுத் தெரு, பூங்கா போன்ற பொது இடங்களில் கோயில், தேவாலயம், மசூதி, குருத்வாரா என்ற பெயரில் அனுமதியற்ற கட்டுமானம் எதுவும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பர் 29 அன்று உத்தரவிட்டது. அதைச் செயல்படுத்தும் பொறுப்பை மாவட்ட ஆட்சியர்களிடம் கொடுத்தது. உங்களுக்கு இப்போது உதவக்கூடிய முதல் அதிகாரி ஆட்சியர்தான். பீடமும் கொட்டகையும் எழுந்த மறுநாளே, அதே ஆட்சியர் அதை அகற்றியாக வேண்டிய நிலைக்கு வந்துவிடுவார். நேற்றுவரை மரபுச் சின்னமாக இருந்தது ஆக்கிரமிப்பு என்ற தலைப்பில் கோப்புக்குள் போய்விடும்.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்கிறேன். இந்தக் கல்லில் சுமை இறக்கியவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் ஏழைகள், தெருத்தெருவாக விற்கப் போன பெண்கள். நீ எந்தத் தெரு, என்ன ஆள் என்று கல் அவர்களைக் கேட்டதில்லை. கோயிலானால் பூசாரி யார், வரி யாருக்கு, முதல் மரியாதை யாருக்கு என்ற கேள்விகள் எழும். சில ஊர்களில் அது எங்கே போய் முடியும் என்பது உங்களுக்கே தெரியும். எல்லோருக்குமாக நின்ற கல் சிலருடையதாகிவிடக் கூடாது. வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் விளக்கேற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் தடையின்றிச் செய்யுங்கள். எண்ணெய் எழுத்தின் மேல் படாமல், அகலைத் தரையில் வையுங்கள்.

மறியலும் வழக்கும்

பொக்லைன் முன்னால் உட்காருவது கடைசி நாள் உணர்ச்சி. அரசு ஊழியரைப் பணிசெய்ய விடாமல் தடுத்ததாகவும் பொதுவழியை மறித்ததாகவும் வழக்கு வரலாம். நீங்கள் அங்கன்வாடியில் வேலை பார்ப்பவர். உங்கள் பெயர் முதல் தகவல் அறிக்கையில் ஏறினால் துறைரீதியான தொல்லை தனியாக வரும். அந்த நிலைக்குப் போகாமலே காரியத்தை முடிக்க நேரம் இருக்கிறது.

வழக்கைப் பொறுத்தவரை, இன்றைக்கே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனால் நீதிபதி கேட்கும் முதல் கேள்வி, “அதிகாரிகளிடம் மனு கொடுத்தீர்களா?” என்பதாக இருக்கும். கொடுக்காமல் போனவர்களின் மனு பெரும்பாலும் நிற்காது. நான்குவழிச் சாலைப் பணி முழுவதையும் நிறுத்து என்று கேட்டால் பொதுநலன் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். மாறாக, எழுத்துபூர்வமாகக் கோரியிருக்கிறோம், பதில் இல்லை, எங்கள் மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிடுங்கள், அதுவரை கல்லை அசைக்க வேண்டாம் என்று கேட்கும் ரிட் மனு சிறியது, நியாயமானது, வெற்றி வாய்ப்புள்ளது. செலவுக்குப் பயப்படாதீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி கிடைக்கும். உங்கள் வட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பிக்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது

முதலில் ஆவணம். கல்லை நான்கு பக்கமும் மேலிருந்தும், அருகில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். மரமும் சாலையும் தெரியும்படி தூரத்திலிருந்து இரண்டு படம் வேண்டும். சிவப்புக் குறியும் படத்தில் தெரியட்டும். எழுத்துக்கு மட்டும் இரவில் போங்கள். டார்ச் விளக்கைக் கல்லுக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால் பகலில் தெரியாத வெட்டுகள் நிழலோடு எழுந்து நிற்கும். சுண்ணாம்புக் கட்டியால் எழுத்தை நிரப்பிப் படமெடுக்கும் பழக்கம் வேண்டாம். தவறாகப் படித்த எழுத்தே நிரந்தரமாகிவிடும். பெயிண்டைச் சுரண்டவும் வேண்டாம். கம்பித் தூரிகை, ஆசிட், உப்புத்தாள் மூன்றும் பெயிண்டோடு எழுத்தையும் கொண்டுபோய்விடும். இத்தனை நாள் இருந்த பெயிண்ட் இன்னும் சில மாதம் இருந்துவிட்டுப் போகட்டும். தொல்லியல் துறையினர் வந்து மைப்படி (மை கொண்டு எழுத்தைத் தாளில் பதிவெடுப்பது) எடுக்கும்போது அதை எப்படி அகற்றுவது என்று அவர்களே சொல்வார்கள்.

அடுத்து மனு. நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளருக்கு ஒன்று எழுதுங்கள். நகல்கள் மாவட்ட ஆட்சியருக்கும், மாநிலத் தொல்லியல் துறைக்கும், வட்டாட்சியருக்கும், ஊராட்சிக்கும் போகட்டும். கோரிக்கை இரண்டே வரியில் இருக்கட்டும்: சுமைதாங்கியையும் மைல்கல்லையும் இடமாற்றப் பட்டியலில் சேர்க்க வேண்டும், ஊரார் முன்னிலையில், இதே சாலையோரத்தில், குறிப்பிட்ட இடத்தில் மறுபடி நட வேண்டும். மின்கம்பம், குடிநீர்க் குழாய் ஆகியவற்றை மாற்றுவதற்கு ஒவ்வொரு சாலைத் திட்டத்திலும் ஏற்பாடு உண்டு. அந்த வேலையோடு வேலையாக மூன்று கற்களைப் பத்து மீட்டர் நகர்த்துவது அவர்களுக்குப் பெரிய செலவில்லை. நமது பண்பாட்டின் மரபுச் செல்வத்தை மதித்துப் பேணுவது குடிமக்களின் கடமை என்று அரசியலமைப்பின் 51-அ (எஃப்) பிரிவு சொல்வதையும் ஒரு வரி சேருங்கள். உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்டீர்களே, அதற்கு அந்தப் பிரிவே பதில். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். ஆட்சியருக்குத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் குழுவாகப் போய்க் கொடுப்பது நல்லது. உங்கள் தாயாரையும் முடிந்தால் அழைத்துப் போங்கள்.

மேற்பார்வையாளர் சொன்ன “ஓரமாக எடுத்து வைத்துவிடுவோம்” என்பதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் உள்ளபடியே நல்லவராக இருக்கலாம். ஆனால் பொக்லைன் ஓட்டுநர் வேறொருவர், அவருக்குக் கொடுக்கப்படும் வரைபடத்தில் கல் இல்லை. பெரும்பாலான சுமைதாங்கிகள் யாருடைய பகையாலும் அழியவில்லை. அந்தக் காலை வேளையில் அங்கிருந்தவருக்கு அது என்னவென்று தெரியாததால் மண்ணோடு மண்ணாக வாரப்பட்டன. ஆகவே அந்த வாக்குறுதி எழுத்தில் வர வேண்டும். அதுவரை கல்லின் மேல் எதுவும் எழுதாமல், பக்கத்தில் ஒரு கம்பு நட்டு, ‘மரபுச் சின்னம், கோட்டப் பொறியாளரிடம் மனு நிலுவையில் உள்ளது’ என்று தேதியிட்ட அட்டையைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பமும் போட்டுவிடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். உங்கள் ஊர்ப் பகுதிக்கான சாலை வரைபடம், இடமாற்றப் பட்டியல், வெட்டப்படும் மரங்களின் பட்டியல் ஆகிய மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். புதிய சாலையின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தான் கல்லுக்கு எந்த இடத்தைக் கேட்பது என்று உங்களால் சொல்ல முடியும்.

கிராம சபையைத் தவறவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாள் கூடுகிறது. அதன் தீர்மானம் நெடுஞ்சாலைத் துறையைக் கட்டுப்படுத்தாது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பின்னால் ஏமாற்றம் இருக்காது. ஆனால் ஒரு குடும்பத்தின் ஆசை என்று ஒதுக்க முடியாதபடி அது உங்கள் கோரிக்கையை ஊரின் குரலாக ஆக்கிவிடும். நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தாலும் கைகொடுக்கும். பராமரிப்பை ஊராட்சியும் உங்கள் மகளிர் குழுவும் ஏற்கும் என்ற வரியையும் தீர்மானத்தில் சேருங்கள். அரசு அலுவலகங்கள் தயங்குவது பெரும்பாலும் பின்னால் வரும் பொறுப்பை நினைத்துத்தான்.

இப்படி முயன்று பலன் கண்ட ஊர்கள் உண்டு. பெங்களூருவின் ஹெப்பாளில், கிட்டய்யா என்ற வீரனுக்கு 8ஆம் நூற்றாண்டில் எழுப்பிய நடுகல் வடிகால் வேலையின்போது அழிய இருந்தது. ஆர்வலர்களும் அந்தப் பகுதி மக்களும் சேர்ந்து அதை மீட்டு, மண்டபம் கட்டி நிறுத்தினார்கள். அதிலிருந்து தொடங்கிய ஆர்வம், நகரமெங்கும் உள்ள கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் பதிவு செய்யும் பணிவரை போயிருக்கிறது.

கல்லை நகர்த்தும் நாளில்

உத்தரவு கிடைத்தபின் கவனம் சிதறினால் எல்லாம் வீண். நட்ட கற்களின் கணிசமான பகுதி மண்ணுக்குள் இருக்கும். பொக்லைனின் பல்லைக் கொடுத்து நெம்பினால் கருங்கல் பலகை நடுவில் முறிந்துவிடும். முதலில் மேற்கல்லைச் சாக்கு சுற்றி, நைலான் பெல்ட் கட்டி, கிரேனில் தூக்கி இறக்க வேண்டும். பிறகு நட்ட கற்களைச் சுற்றிக் கடப்பாரை, மண்வெட்டியால் கையால் தோண்ட வேண்டும். இரும்புச் சங்கிலி எழுத்துப் பக்கம் படவே கூடாது. கழற்றும் முன் எது இடக்கல், எது வலக்கல், எந்த முகம் சாலையைப் பார்த்தது என்று சீட்டு ஒட்டிப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போனதால், இன்று பல சுமைதாங்கிகள் உட்காரும் திண்ணை போலத் தாழ்ந்து தெரிகின்றன. உங்கள் கல் இடுப்பளவு என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் அப்படிப் புதைந்ததாகவே இருக்கும். தோண்டி எடுத்ததும் மண் பட்டிருந்த நிறமாற்றத்தைப் பார்த்தால் பழைய தரைமட்டம் தெரிந்துவிடும். புதிய இடத்தில் அந்தப் பழைய உயரத்துக்கே நடுங்கள். ஒருவர் கூடையோடு போய் நின்றால் தலைச்சுமையைச் சரித்து வைக்க முடிகிற உயரம் அது. குழியில் கருங்கல் சில்லும் ஜல்லியும் இட்டுக் கெட்டித்தால் போதும். சிமெண்ட் தளமும் டைல்ஸ் மேடையும் வேண்டவே வேண்டாம்.

இடம் எங்கே? வடிகாலுக்கு வெளியே, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், சாலையைப் பார்த்த முகமாக. ஆட்சியர் அலுவலகத்தில் யாராவது, அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிடலாமே என்று சொல்லக்கூடும். சாலையோரத்தில் இடமே இல்லை என்று நிரூபணமானால் மட்டும் அதற்குச் சம்மதியுங்கள். உடைபடுவதைவிட அது மேல். ஆனால் சாலையை விட்டுப் பிரிந்த சுமைதாங்கி எதற்காக நின்றது என்று பார்க்கிறவருக்குப் புரியாது. புளியமரத்தைக் காப்பாற்றுவது இதைவிடக் கடினம். அதற்குப் பதிலாகப் புதிய இடத்தில் நிழல்மரக் கன்று ஒன்றை நட்டு வளர்க்கக் கேளுங்கள்.

மைல்கல்லுக்கு வழி எளிது. அது நெடுஞ்சாலைத் துறையின் முன்னோடிகள் நட்டது, அவர்களுடைய சொத்தே. 1956இல் மெட்ரிக் அளவை முறைக்கான சட்டம் வந்து, சாலைகள் கிலோமீட்டர் கணக்குக்கு மாறியபின் இந்தக் கற்கள் கேட்பாரற்றுப் போயின. நம் நாட்டில் வழியளந்து கல் நடும் வழக்கம் வெள்ளைக்காரர்களோடு தொடங்கியதும் இல்லை. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லில் நாவல்தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் (பழைய தூர அளவு) என்று பொறித்ததோடு, எழுத்தறியாத வழிப்போக்கருக்காகப் பத்துக்குப் பெரிய குழியும் ஒன்றுக்குச் சிறிய குழியுமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். பொறியாளரிடம் இதைச் சொல்லுங்கள். தன் துறையின் பழமை என்று தெரிந்தால் அவருக்கே அக்கறை வரும். சுமைதாங்கிக்குப் பக்கத்திலேயே மைல்கல்லையும் நடலாம். அது பழைய இடத்திலிருந்து எத்தனை மீட்டர் நகர்ந்தது என்பதைத் தகவல் பலகையில் எழுதிவிட வேண்டும், ஏனென்றால் தூரம் சொல்வதுதான் அதன் வேலை.

கோட்டப் பொறியாளரின் பதில் எப்படி வந்தாலும் நகலை எனக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதிலே வராவிட்டால், அல்லது அதற்குள் இயந்திரம் ஊர் எல்லைக்கு வந்துவிட்டால், காத்திருக்காமல் ஒப்புகைகள், படங்கள், உங்கள் தாயாரின் வாக்குமூலம், கிராம சபைத் தீர்மானம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். ரிட் மனுவுக்கு வேண்டிய ஆவணங்கள் அவையே.